புதிதாகக் குடியேறிய இளையோருக்குக் கலைப் பட்டறைகள் உண்மையிலேயே உதவுமா?

இரண்டு மாதங்களுக்கு முன் மொன்றியலுக்கு வந்த உங்கள் பதினாறு வயது அக்கா மகன் அறையை விட்டு வெளியே வருவதில்லை, ஓவியப் பட்டறைக்கு அனுப்பினால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே நகரில் ஒரு சமூக மையத்தின் ஓவிய அறையில் நான்கு ஆண்டுகள் தொண்டராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பயன் உண்டு, ஆனால் துண்டுப்பிரசுரங்கள் சொல்லும் வகையில் அல்ல.

மொன்றியல் இருக்கும் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், 1977ஆம் ஆண்டு மொழிச் சட்டத்தின்படி குடியேறுவோரின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பள்ளிக்கே செல்ல வேண்டியிருப்பதால், ஊரில் கணிதத்தில் முதலாம் பிள்ளையாக வந்தவன்கூட இங்கே 'அக்கேய்' எனப்படும், புதியவர்கள் பிரெஞ்சு கற்கும் வரவேற்பு வகுப்பில் நிறங்களின் பெயர்களை ஒப்புவித்துக்கொண்டிருக்கிறான். அந்தக் கூச்சத்திலிருந்து வாரத்தில் இரண்டு மணி நேரம் விடுபடுவதே, என் கணிப்பில், களிமண்ணும் தூரிகையும் தரும் முதல் நன்மை.

மக்கில் பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர் செசில் ரூசோவின் குழு, 12 முதல் 18 வயது வரையான, புதிதாகக் குடியேறிய மாணவரை வைத்து, ஒருவர் சொல்லும் அனுபவத்தை மற்றவர்கள் நடித்துக் காட்டும் ஒன்பது வார நாடகப் பட்டறையின் பயனை ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டது. தன்மதிப்பும் மனத்துயரின் அறிகுறிகளும் முன்னேறியதாகத் தெரியவில்லை. ஆயினும் அந்த அறிகுறிகள் அன்றாட வாழ்வைக் குலைப்பது குறைந்திருந்தது, கணிதப் புள்ளிகளும் உயர்ந்திருந்தன. துயரம் போய்விடவில்லை, அதை வைத்துக்கொண்டே நாட்களை நகர்த்த முடிந்தது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நாங்கள் செய்த தவறையும் சொல்லவேண்டும். முதல் ஆண்டில், நிதி தருவோருக்குக் காட்டும் கண்காட்சிக்காக, 'உங்கள் பயணத்தை வரையுங்கள்' என்று தலைப்புக் கொடுத்தோம். ஒரு சிறுமி தாளைக் கறுப்பு மையால் முழுவதும் மூடிவிட்டுப் போனாள்; பிறகு வரவேயில்லை. அடுத்த ஆண்டு, கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தின் ஜானிஸ் டிம்-பொட்டோஸ் செயின்ட்-ஹென்றிப் பகுதியில் வளர்த்த 'கலைத் தேன்கூடு' முறைக்கு மாறினோம். அங்கே ஆசிரியரும் இல்லை, தலைப்பும் இல்லை. யாரோ கொடுத்த துணித்துண்டு, பொத்தான், மரக்கட்டை ஆகியவற்றைக் கொண்டு விரும்பியதைச் செய்யலாம், ஒன்றுமே செய்யாமலும் உட்கார்ந்திருக்கலாம். பேசும்படி யாரும் வற்புறுத்தாத அந்த மேசையில்தான் பிள்ளைகள் தாமாகப் பேசத் தொடங்கினார்கள், அதுவும் பெரும்பாலும் காற்பந்தைப் பற்றி.

ஆகவே இடத்தைத் தெரிவு செய்யும்போது ஓவியத்தின் தரத்தைப் பார்க்காதீர்கள். படைத்ததைக் காட்சிக்கு வைக்க மறுக்கும் உரிமை பிள்ளைக்கு உண்டா, பேருந்துச் சீட்டும் சாப்பிட ஏதாவதும் கிடைக்குமா (சனவரிக் குளிரில் இது சிறிய விடயமல்ல), தேவைப்பட்டால் உளவளத் துணையாளரிடம் அனுப்பும் ஏற்பாடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். அவன் தூங்காமலோ சாப்பிடாமலோ இருக்கிறான் என்றால் பட்டறைக்குக் காத்திராமல் முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முதல் நாள் நீங்களும் கூடப் போய், அவனுக்குப் பக்கத்தில் உட்காராமல், வேறு மேசையில் எதையாவது வரைந்துகொண்டிருங்கள்.