சென்சாரும் பிடிக்கும், மண்ணும் பிடிக்கும் என்றால் என்ன படிக்கலாம்?

"சொந்தக்காரர்கள் எல்லாரும், முக்கியமாக என் அண்ணன், வீட்டை அடகு வைத்தாவது மகளை ஏஐ படிப்பில் சேர் என்கிறார்கள், அவளோ சுற்றுச்சூழல் அறிவியல் என்று அடம் பிடிக்கிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பதற்றம் புரிகிறது அம்மா. ஆனால் அதற்காக வீட்டை அடகு வைப்பது கூடவே கூடாது. உங்கள் அண்ணன் ஃபீஸ் கட்டப்போவதில்லை, வகுப்பில் உட்காரப்போவதும் அவர் இல்லை.

பொறியியல், மருத்துவம் பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது. மழையளவைக் குறித்து வைக்கிறாள், பைத்தான் என்ற கணினி மொழியும் கொஞ்சம் தெரியும் என்கிறீர்களே, அதற்குப் பொருந்தும் ஒரு துறையைச் சொல்கிறேன்: சுற்றுச்சூழலை அளக்கும் சென்சார்களுக்கான (உணரிகளுக்கான) ஆன்டாலஜி.

சென்சாருக்கு எண் மட்டும்தான் தெரியும். டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார், வழக்கமான 12 பிட் அமைப்பில், 25 டிகிரி செல்சியஸை 400 என்று அனுப்பும். அதை 16-ஆல் வகுத்தால்தான் டிகிரி கிடைக்கும். அது காற்றில் தொங்குகிறதா, மண்ணில் புதைந்திருக்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது. இதெல்லாம் புரோகிராம் எழுதியவர் தலையில் இருக்கும், அவர் வேலையை விட்டால் போச்சு. எது அளந்தது, எதன் எந்தப் பண்பை, எப்போது, எந்த அலகில் என்பதையெல்லாம் கணினிக்குப் புரியும்படி வகுத்து வைப்பதுதான் ஆன்டாலஜி. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி-யும், புவியிடத் தரவுத் தரங்களை வகுக்கும் ஓஜிசி-யும் சேர்ந்து 2017-ல் எஸ்எஸ்என், சோசா என்று இதற்கு ஒரு பொதுத் தரமே கொண்டுவந்தன. இதன்மேல் நல்ல கருவி ஒன்றைக் கட்டிவிட்டால், "மண் ஈரத்தை மணிக்கொரு தடவை எடு" என்று ஆய்வாளர் கேட்டால் போதும். எந்த சென்சார், எதால் வகுப்பது என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஈரம் அளக்காத சென்சாரிடம் ஈரம் கேட்டால் ஓடும் முன்பே தடுத்துவிடும்.

இதை கோடிங் மட்டும் தெரிந்தவரால் உருவாக்க முடியாது. 10 செ.மீ. ஆழத்து ஈரத்தையும் 50 செ.மீ. ஆழத்து ஈரத்தையும் ஒன்றாகச் சேர்க்கலாமா? மண் படித்தவர்தான் சொல்ல வேண்டும். அதனால் அவள் கேட்கும் படிப்பு வீண் இல்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆன்டாலஜி என்ற பெயரில் வேலை விளம்பரங்கள் குறைவு. தரவுப் பொறியாளர், ஆய்வுத் தரவு மேலாளர் என்றுதான் தேட வேண்டும்.

பழகிப் பார்க்கச் செலவில்லை. ஆன்டாலஜி எழுத உதவும், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான புரோட்டிஜே மென்பொருள் இலவசம், சோசா ஆவணமும் இணையத்தில் இலவசம். விடுமுறையில் தன் மழைக் குறிப்புகளையே அதில் வகுத்துப் பார்க்கட்டும். சலித்துப்போனால் அதையும் மதியுங்கள், தள்ளிவிடாதீர்கள்.

கல்லூரியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: களத்தில் சென்சார் பொருத்தும் பயிற்சி உண்டா, தரவுத்தளத்தை விருப்பப் பாடமாக எடுக்க விடுவீர்களா? இரண்டுக்கும் இல்லை என்றால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் அந்தக் கல்லூரி வேண்டாம்.