கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பாக்கள் பலர் நடுராத்திரியில் எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்ப்பது ஏன்?

கப்பலில் பல வருடம் பார்த்த ‘வாட்ச்’, அதாவது முறைக்காவல், விட்டுச்சென்ற பழக்கம் இது. கப்பல் கடலில் இருக்கும்வரை யாராவது விழித்திருந்தே ஆக வேண்டும். அதனால் வழக்கமான முறைப்படி நாளை நான்கு நான்கு மணி நேரமாகப் பிரிப்பார்கள். மாலை 4 முதல் 8 வரை மட்டும் இரண்டு இரண்டு மணி நேரம். மொத்தம் 7 முறை, ஒற்றைப்படை. ஆகவே இரண்டு குழுக்கள் மாறி மாறி நின்றாலும் நள்ளிரவுக் காவல் தினமும் ஒரே ஆளின் தலையில் விழாது. அருமையான ஏற்பாடு! ஆனால் தூக்கம் துண்டு துண்டாகிவிடும், கைக்குழந்தை உள்ள வீட்டில் பெற்றோர் முறைபோட்டு விழிப்பதைப் போல.

கரைக்கு வந்த அப்புறமும் உடம்பு அதை லேசில் மறக்காது. தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்து, அடுப்பைக் கவனித்து, பிள்ளைகளின் போர்வையைச் சரிசெய்துவிட்டுத்தான் படுப்பார்கள். வீட்டில் மனம் ஒட்டாததால்தான் இப்படி அலைகிறார் என்று சிலர் நினைப்பது தவறு. தூங்குகிறவர்களைப் பார்த்துக்கொள்ளத்தான் அவர் எழுகிறார்.