நேற்றுவரை சிறுமியாக இருந்தவர்கள் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் தஞ்சாவூரில் முதுகலை படிக்கிறேன். ஆப்பிரிக்காவில் பெண்கல்விக்காகவும் பெண்களின் சம உரிமைக்காகவும் இளைஞர்கள் முன்னின்று செய்யும் வேலைகளைப் பற்றி எங்கள் துறைக் கருத்தரங்கில் பேச வேண்டும். தேடினால் கிடைப்பதெல்லாம் மேடைப் பேச்சும் விருதும் புகைப்படமும்தான். என் நண்பன் ஒருவன், "பணம் வெள்ளைக்காரனுடையது, திட்டமும் அவனுடையது, முகம் மட்டும்தான் இவர்களுடையது" என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இவர்கள் வழக்குப் போட்டுச் சட்டத்தையே மாற்றினாலும் கிராமத்தில் என்ன மாறிவிடப் போகிறது என்ற சந்தேகமும் இருக்கிறது. பள்ளிக்கூடமும் ஆசிரியரும் இருந்தால் போதாதா? இளைஞர் தலைமை என்று தனியாக ஒன்று எதற்கு?

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஒரு பெண்ணை வெளிநாட்டு மாநாட்டுக்கு அழைத்துக் கைதட்டுகிறார்கள். அவள் ஊர்ப் பள்ளியைப் பற்றி முடிவெடுக்கும்போது அவளை யாரும் கேட்பதில்லை. இது நிறைய நடக்கிறது. இதற்குத் தலைமை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வராது. ஆனால் நீங்கள் பேச வேண்டியவர்கள் வேறு.

ஜிம்பாப்வேயில் இருந்து தொடங்கலாம். அங்கே பழைய திருமணச் சட்டப்படி ஆணுக்கு 18 வயது, பெண்ணுக்கு 16 போதும். மரபுவழித் திருமணங்களுக்கான சட்டத்திலோ குறைந்தபட்ச வயது என்று எதுவுமே கிடையாது. 2013இல் வந்த புதிய அரசியலமைப்பு 18 வயது நிறைந்தவருக்குத்தான் குடும்பம் அமைக்கும் உரிமை என்று சொன்னது. பழைய சட்டம் அப்படியே கிடந்தது. லவ்னெஸ் முட்சுரு, ருவிம்போ சோபோட்சி என்ற இரண்டு இளம்பெண்கள் 2014இல் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒருவருக்கு வயது 19, மற்றவருக்கு 18. இருவரும் சிறுமிகளாக இருக்கும்போதே மணவாழ்க்கைக்குள் தள்ளப்பட்டவர்கள், கையில் குழந்தைகளோடு இருந்தவர்கள்.

அரசுத் தரப்பு முன்வைத்த முக்கியமான எதிர்வாதத்தைப் பாருங்கள். 'நீங்கள் இருவரும் இப்போது சிறுமிகள் இல்லையே, உங்கள் உரிமை எங்கே பாதிக்கப்படுகிறது, எந்தத் தகுதியில் இங்கே வந்தீர்கள்?' என்பதுதான் அதன் சாரம். எனக்குக் கோபம் வருகிற இடம் இது. பதின்மூன்று, பதினான்கு வயதில் கட்டிக்கொடுக்கப்படும் பெண் வழக்கறிஞரைத் தேடிப்போக முடியாது. வழக்காடும் வயது வந்தபிறகு போனால், உனக்குத்தான் வயதாகிவிட்டதே என்கிறார்கள். அப்படியானால் யார்தான் கேட்பது? நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. இவர்கள் தங்களுக்காக வரவில்லை, பொதுநலனுக்காக வந்திருக்கிறார்கள், அதற்கு உரிமை உண்டு என்றது. 2016 ஜனவரி 20 அன்று தீர்ப்பு வந்தது: அன்றிலிருந்து ஆணோ பெண்ணோ, பதிவுத் திருமணமோ மரபுவழியோ மதவழியோ, 18க்கு முன் திருமணம் செல்லாது. அதன்பின் 2022இல் புதிய திருமணச் சட்டமும் வந்தது.

'எதற்கு இளைஞர்கள்?' என்ற உங்கள் கேள்விக்கு என்னுடைய பதில் இதில்தான் இருக்கிறது. துன்பத்துக்கு உள்ளேயே இருப்பவளால் பேச முடியாது. அதைத் தாண்டி முப்பது வருடம் ஆனவர்களுக்கு அதன் சூடு ஆறிப்போயிருக்கும், 'நாங்களெல்லாம் பிழைத்து வரவில்லையா' என்பார்கள். நேற்றுத்தான் தாண்டி வந்தவர்களுக்கு எல்லாம் நினைவிருக்கும், கொஞ்சம் சுதந்திரமும் இருக்கும். அந்தச் சில வருடங்கள் ஒரு சமூகத்துக்கு மிகப் பெரிய சொத்து என்று நான் முழுதாக நம்புகிறேன்.

பள்ளியும் ஆசிரியரும் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டும், அதில் பேச்சே இல்லை. சகாராவுக்குத் தெற்கே சுமார் 9.8 கோடிப் பிள்ளைகளும் இளையோரும் பள்ளிக்கு வெளியே இருப்பதாக யுனெஸ்கோ 2022இல் சொன்னது. ஆனால் பள்ளி இருக்கும் ஊரிலும் பெண்பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். 1991இல் ஆன் காட்டன் என்ற வேல்ஸ் நாட்டுப் பெண்மணி ஜிம்பாப்வேயின் மோலா என்ற ஊருக்குப் போனார். அங்கே குடும்பங்களுக்குப் பெண்கல்வி பிடிக்காமல் இல்லை. ஒருவருக்குத்தான் பணம் கட்ட முடியும் என்னும்போது, சம்பள வேலை கிடைக்கும் வாய்ப்புள்ள பையனை அனுப்பினார்கள். இதைக் கண்டபின் அவர் 1993இல் தொடங்கியதுதான் கேம்ஃபெட் அமைப்பு. முதலில் 32 மாணவிகளுக்கு உதவினார்கள்.

வெள்ளைக்காரர் பணம் என்று உங்கள் நண்பர் இங்கே நிறுத்திக்கொள்வார். நீங்கள் மேலே படியுங்கள். அப்படிப் படித்து முடித்த பெண்கள் 1998இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஜிம்பாப்வே, ஜாம்பியா, கானா, தான்சானியா, மலாவி என்று பரவி, இன்று இரண்டரை லட்சம் பேருக்கு மேல் அதில் இருக்கிறார்கள். தொடங்கியவர்களில் ஒருவரான ஆஞ்சலின் முரிமிர்வா, கேம்ஃபெட் உதவியில் படித்த முதல் மாணவிகளில் ஒருவர். 2023இல் அவரே மொத்த அமைப்புக்கும் தலைமை நிர்வாகி ஆனார். உதவி வாங்கியவர் உதவியை எங்கே செலவழிப்பது என்று தீர்மானிக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். முகம் மட்டும்தான் இவர்களுடையது என்று இதை எப்படிச் சொல்வது?

அந்தச் சங்கத்துப் பெண்கள் பலர் உள்ளூர்ப் பள்ளிக்கே வழிகாட்டிகளாகத் திரும்பிப் போகிறார்கள். பாடப் புத்தகத்தில் இல்லாத வாழ்க்கைப் பாடங்களைச் சொல்லித்தருகிறார்கள். ஒரு பிள்ளை தொடர்ந்து வரவில்லையென்றால் வீட்டுக்கே போய் விசாரிக்கிறார்கள். அதே ஊரில் அதே வறுமையில் படித்து மேலே வந்த அக்கா வாசலில் வந்து நிற்கும்போது, அந்த அம்மாவால் சாக்கு சொல்லி அனுப்பிவிட முடியாது. வழிகாட்டிகளுக்குத் தொழில் தொடங்க வட்டியில்லாக் கடன் கிடைக்கிறது. வட்டிக்குப் பதில் பள்ளியில் செய்யும் இந்த வேலைதான். அழகான ஏற்பாடு. ஆனாலும் ஊரின் வேலையைப் பெண்கள் சம்பளம் இல்லாமல் செய்வது எங்கேயும் நடப்பதுதான் என்ற உறுத்தல் எனக்கு உண்டு. அரசுகள் இவர்களைப் பள்ளி ஊழியர்களாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

அப்புறம், அதிகாரத்தைக் கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு சியரா லியோன். அங்கே எபோலா கொள்ளைநோய் பரவிய காலத்தில் சிறுமிகள் கர்ப்பமாவது அதிகரித்தது. 2015இல் அரசு, கர்ப்பிணி மாணவிகள் மற்றவர்களோடு பள்ளியில் படிக்கவும் தேர்வு எழுதவும் கூடாது என்று அறிவித்தது. 2019 நவம்பரில் முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த டேவிட் மொய்னினா செங்கே கல்வி அமைச்சரானார். டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு நீதிமன்றம் தடைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2020 மார்ச்சில் தடை நீங்கியது. பல வருடங்களாகத் தொண்டு அமைப்புகளும் அந்த நாட்டுப் பெண்களும் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் அந்தத் தீர்ப்பு வந்தது. கூடவே, அதைத் தள்ளிப்போடாத ஒருவர் அந்த நேரத்தில் நாற்காலியில் இருந்தார்.

சட்டம் மாறினால் கிராமம் மாறுமா? தானாக மாறாது. தான்சானியாவைப் பாருங்கள். 1971ஆம் வருடத் திருமணச் சட்டம், பெற்றோர் சம்மதித்தால் பெண்ணை 15 வயதிலும், நீதிமன்றம் அனுமதித்தால் 14 வயதிலும் மணம் முடிக்க இடம் தந்தது. இளைஞர் நிகழ்ச்சிகளில் தொகுப்பாளராக இருந்த வழக்கறிஞர் ரெபேகா கியுமி, தன் இருபதுகளின் இறுதியில் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுகள் செல்லாது என்றது, ஒரு வருடத்துக்குள் திருத்தச் சொன்னது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 2019 அக்டோபரில் அங்கேயும் கியுமியே வென்றார். ஆனால் நீதிமன்றம் கொடுத்த கெடுவுக்குள் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தவில்லை.

இது தோல்வி என்று உங்கள் நண்பர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. தீர்ப்புக்கு முன்னால், மகளுக்குக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லும் ஒரு தாயின் பக்கம் நாட்டின் சட்டம் இல்லை. இப்போது ஆசிரியையோ பக்கத்து வீட்டு அக்காவோ துணைக்கு வந்தால், கையில் காட்ட ஒரு தீர்ப்பு இருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் காட்ட ஆள் இல்லாத ஊரில் அது வெறும் தாள்தான். அதனால்தான் வழக்குப் போட்டவர்களையும் வீடுவீடாகப் போகும் வழிகாட்டிகளையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள் என்கிறேன்.

கருத்தரங்கில் எல்லா நாடுகளையும் அடுக்க வேண்டாம். ஜிம்பாப்வே வழக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, 'எந்தத் தகுதியில் வந்தீர்கள்' என்ற கேள்வியையும் நீதிமன்றம் சொன்ன பதிலையும் நிதானமாக விளக்குங்கள். தீர்ப்பு முழுமையாகவே இணையத்தில் கிடைக்கிறது. நீளமானது, ஆனால் நீங்கள் படித்துவிடுவீர்கள். பேசியதை எழுத்தாக்கினால் எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்