வயதை விடுங்கள், உயரத்தை அளந்து பாருங்கள்

வணக்கம். 13, 8, 3 வயதுப் பிள்ளைகளோடு சிங்கப்பூரின் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்கு ஒருநாள் மட்டும் போகிறோம், யாரும் ஏமாறக்கூடாது என்று கேட்டிருந்தீர்கள்.

முதல் வேலையாக, இன்றைக்கே மூவரின் உயரத்தையும் அளந்து வையுங்கள். அங்கே வயதைவிட உயரம்தான் கணக்கு. எதிரெதிராகப் பாயும் பேட்டில்ஸ்டார் ரோலர் கோஸ்டருக்கு 125 செ.மீ. வேண்டும், மம்மி சவாரிக்கு 122, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்கு 102. எட்டு வயதுப் பிள்ளைகள் பலர் சரியாக இந்த 122, 125 எல்லையில்தான் நிற்பார்கள். வரிசையில் காத்திருந்து வாசலில் திருப்பி அனுப்பப்பட்டால் பிள்ளைக்கு மனசு உடைந்துவிடும். எதில் ஏறலாம், எதில் முடியாது என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

சின்னவருக்காகப் பெரியவர்களில் ஒருவர் நாள் முழுக்க வெளியே உட்கார வேண்டியதில்லை. சவாரி வாசலில் இருக்கும் ஊழியரிடம் 'சைல்ட் ஸ்வாப்' என்று கேளுங்கள். ஒருவர் ஏறி வரும்வரை இன்னொருவர் குழந்தையோடு இருக்கலாம், பிறகு மறுபடி வரிசையில் நிற்காமல் மாறிக்கொள்ளலாம். இதைப் பலரும் கேட்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

கதவு திறந்ததும் பெரியவனுக்குப் பிடித்த சவாரிக்குப் போங்கள். மதிய வெயிலில் சின்னவரோடு கூரைக்குள் இருக்கும் எல்மோ சவாரி, அப்புறம் தள்ளுவண்டியில் ஒரு தூக்கம். இடி மின்னல் வந்தால் வெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள், அதனால் அவற்றை மாலைக்குத் தள்ளிப்போடாதீர்கள். ஜுராசிக் படகில் நனையாமல் வர முடியாது, மாற்றுத்துணி கட்டாயம்.

போவதற்கு ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, விவோசிட்டி கடைத்தொகுதியில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலைப் பிடியுங்கள்.