வன்னிக் காட்டில் ஒரே மரத்தைத் திரும்பத் திரும்ப அளப்பது ஏன்?

"ஒருமுறை அளந்தால் காடு எப்படி வளரும் என்று கணிக்க முடியாதா?" என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. எங்கள் பாலை, வீரை, முதிரை போன்ற மரங்களில் ஆண்டு வளையங்களை நம்பி வயதைச் சொல்வது கடினம். அதனால்தான் நிரந்தர மாதிரித் துண்டங்கள், அதாவது எல்லை குறித்து அதே மரங்களைத் திரும்பத் திரும்ப அளக்கும் காட்டுப் பகுதிகள், வேண்டும்.

ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கத் தகடு அடித்து, நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் பெயின்றால் கோடு போடுவார்கள். அடுத்த முறையும் நாடா அதே கோட்டில்தான் சுற்ற வேண்டும். ஒரு பாலையின் சுற்றளவு 94.2 சென்ரிமீற்றர் என்று வையுங்கள், விட்டம் 30. ஐந்து வருடத்தில் சுற்றளவு 95.8 ஆனால், விட்டம் வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றர்தான் கூடியிருக்கிறது. நாடா கொஞ்சம் சரிந்தாலே அந்த வளர்ச்சி கணக்கில் காணாமல் போய்விடும். கடும் வரட்சியில் மரம் தண்ணீர் இழந்து சுருங்கவும் செய்யும், ஆகவே அளப்பதும் ஒரே பருவத்தில் இருக்கட்டும்.

வளர்ச்சி மட்டும் போதாது. எத்தனை மரம் செத்தது, எத்தனை கன்று புதிதாக அளக்கும் பருமனுக்கு வளர்ந்தது என்பதும் சேர்ந்தால்தான் காட்டின் வளர்ச்சியைக் கணிக்கும் கணித மாதிரி உருவாகும். தமிழ்நாட்டில் முதுமலையின் வறள்காட்டில் 50 ஹெக்டேயர் துண்டத்தை 1988 முதல் இப்படித்தான் பின்தொடர்கிறார்கள். இலங்கையின் தென்மேற்கே சிங்கராஜாவிலும் 25 ஹெக்டேயர் துண்டம் உண்டு; ஆனால் அது மழைக்காடு, அந்த எண்களை வன்னிக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.