வானொலித் தொகுப்பாளருக்குக் கட்சிகள் ஏன் அஞ்சுகின்றன? கேள்வி பதில்

அமெரிக்காவின் குடியரசுக் கட்சி வானொலித் தொகுப்பாளர்களின் பேச்சுக்கு எந்த அளவுக்குக் கட்டுப்பட்டது, அத்தகைய நிலை இலங்கையிலும் உருவாகுமா என்பவை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன். ஒலிபரப்பும் ஊடகச் சட்டமுமே நான் கற்பித்த துறைகள். தேர்தல் முடிவுகளை எதிர்வுகூறுவது அவற்றுள் அடங்காது.

கேள்வி (பல்கலைக்கழக மாணவி, வெள்ளவத்தை): ஐயா, வானொலித் தொகுப்பாளர் றஷ் லிம்போ என்ற தனி மனிதரால் ஒரு பெரிய கட்சியை எப்படி அசைக்க முடிந்தது?

அவருடைய பேச்சாற்றலை மட்டும் காரணமாகக் கொண்டால் பாதியைத் தவறவிட்டுவிடுவீர்கள். 1970களிலும் 80களிலும் இசை நிகழ்ச்சிகள் துல்லியமான ஒலியுள்ள பண்பலைக்கு இடம்பெயர்ந்ததால், மத்திய அலை நிலையங்கள் நேயர்களையும் விளம்பரங்களையும் இழந்து தவித்தன. பேச்சுக்கு உயர்ந்த ஒலித்தரம் தேவையில்லை. அதே காலத்தில் செய்மதி வழியாக ஒரு நிகழ்ச்சியை நாடெங்கும் குறைந்த செலவில் அனுப்பும் வசதியும் வந்தது. 1984 இல் கலிபோர்னியாவின் சக்ரமென்டோ நகரில் ஓர் உள்ளூர் நிலையத்தில் பேசத் தொடங்கிய லிம்போ, 1988 ஓகஸ்ட் 1 முதல் நியூயோர்க்கிலிருந்து நாடு தழுவிய ஒலிபரப்புக்கு வந்தார். நிகழ்ச்சியை உள்ளூர் நிலையத்துக்கு இலவசமாகக் கொடுத்து, பதிலுக்கு அதன் விளம்பர நேரத்தில் சில நிமிடங்களைத் தமக்கென எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு நடைமுறையில் இருந்ததால், பணமில்லாத சிறு நிலையங்களும் அவரை மறுக்கவில்லை.

நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம், வாரத்தில் ஐந்து நாள் என்று கணக்கிட்டால் வாரத்துக்கு 15 மணித்தியாலம். எந்தக் கட்சித் தலைவருக்கும் தொண்டர்களோடு இவ்வளவு நேரம் பேசக் கிடைப்பதில்லை. காரோட்டும்போதும் பட்டறையில் வேலை செய்யும்போதும் கேட்கும் குரல் என்பதால், நேயர் அதனை அரசியல் உரையாகக் கருதாமல் தினமும் வந்து பேசிவிட்டுப் போகும் ஓர் அறிமுகமானவரின் பேச்சாகவே கருதினார்.

இந்தச் சக்தி முதன்முதலில் வெளிப்பட்டது கட்சி அரசியலில் அன்று என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1989 இன் தொடக்கத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் தன் உறுப்பினர்களின் சம்பளத்தை 51 வீதத்தால் உயர்த்த முயன்றபோது, இடதுசாரி, வலதுசாரி என்ற பேதமின்றிப் பல நகரங்களின் தொகுப்பாளர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். வரிக்கு எதிராகத் தேயிலையைக் கடலில் கொட்டிய பழைய பொஸ்டன் போராட்டத்தை நினைவூட்டும் வகையில் தேயிலைப் பைகளை வொஷிங்டனுக்கு அனுப்பும்படி நேயர்களைத் தூண்டினார்கள். பெப்ரவரியில் அந்த உயர்வு தோற்கடிக்கப்பட்டது. 1994 இல் குடியரசுக் கட்சி 40 ஆண்டுகளுக்குப் பின் பிரதிநிதிகள் சபையைக் கைப்பற்றியபோது, புதிதாகத் தெரிவான உறுப்பினர்கள் லிம்போவைத் தங்கள் அணியின் கௌரவ உறுப்பினராக்கினார்கள். ஆனால் அந்த வெற்றியை அவர் ஒருவரே பெற்றுத் தந்தார் என்று எழுதிவிடாதீர்கள். கிளின்டன் ஆட்சியின் வரி உயர்வு, கைவிடப்பட்ட சுகாதாரத் திட்டம், தென் மாநிலங்களில் நெடுங்காலமாக நடந்துவந்த கட்சி மாற்றம் ஆகியன எல்லாம் அதில் சேர்ந்திருந்தன.

கேள்வி (கொட்டாஞ்சேனை): 1987 இல் நடுநிலைக் கோட்பாட்டை நீக்கியதால்தானே இவையெல்லாம் நடந்தன?

அது ஒரு காரணம். ஒரே காரணம் அன்று. 1949 இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு வகுத்த அந்தக் கோட்பாடு, உரிமம் பெற்ற ஒலிபரப்பாளர் சர்ச்சைக்குரிய பொது விடயங்களைப் பேச வேண்டும், மாற்றுக் கருத்துகளுக்கும் நியாயமான வாய்ப்பளிக்க வேண்டும் என்று கூறியது. 1969 இல் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் அதனை ஏற்றுக்கொண்டது. 1987 இல் ஆணைக்குழுவே அதனைக் கைவிட்டது. அதற்குச் சற்று முன் அதனைச் சட்டமாக்கிக் காப்பாற்றக் காங்கிரஸ் முயன்றபோது ஜனாதிபதி ரேகன் மறுப்பாணையிட்டார். வேட்பாளர்களுக்குச் சம நேரம் வழங்கும் விதி வேறொன்று. அது இன்றும் நடைமுறையில் உள்ளது. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

கேள்வி (மட்டக்குளி): லிம்போவுக்கு இரண்டு கோடி நேயர்கள் என்கிறார்கள். அப்படியானால் இரண்டு கோடி வாக்குகள் அவர் கையில் இருந்தன அல்லவா?

இல்லை. வாரத்தில் ஒருமுறை சில நிமிடம் கேட்டவரையும் சேர்த்துக்கொண்ட மதிப்பீடு அது. நேயர் எண்ணிக்கையை வாக்கு எண்ணிக்கையாக ஒருபோதும் வாசிக்காதீர்கள்.

கேள்வி (சட்டத்தரணி, தெஹிவளை): 2008 இல் லிம்போவும் ஏனைய பிரபல தொகுப்பாளர்களும் ஜோன் மக்கெய்னை எதிர்த்தார்கள், அவர் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரானார். அவ்வாறாயின் இந்தச் செல்வாக்கு ஊதிப் பெருப்பிக்கப்பட்ட கதை என்றே நான் கருதுகிறேன். தங்கள் பதில் என்ன?

நான் மிகவும் வரவேற்கும் கேள்வி இது. உங்கள் சான்று சரியானது, ஆனால் முடிவை ஏற்க முடியாது. தொகுப்பாளரால் பெருந்திரளான வாக்காளரை மனம் மாற்ற முடியும் என்று நான் கூறவில்லை. 1930களில் பெரும் நேயர் கூட்டத்தைக் கொண்டிருந்த பாதிரியார் சார்ள்ஸ் கோக்லின், 1936 இல் புதிய கட்சியொன்றை நிறுத்தி வில்லியம் லெம்கேவை ஜனாதிபதி வேட்பாளராக்கியபோது கிடைத்தது இரண்டு வீதத்துக்கும் குறைவான வாக்குகளே. வானொலியால் ஒரு கட்சியைப் புதிதாகக் கட்டியெழுப்ப முடியாது. ஏற்கெனவே உள்ள கட்சியின் உறுப்பினரை அச்சுறுத்த முடியும்.

அந்த அச்சத்தின் ஊற்று உட்கட்சி முன்தேர்தல். அமெரிக்காவில் வேட்பாளரைத் தெரிவு செய்வது கட்சித் தலைமை அன்று. அந்தத் தேர்தலில் வாக்களிக்க வரும் சிறு எண்ணிக்கையினரே. 2014 ஜூனில் வேர்ஜீனியாவில் பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைத் தலைவரான எரிக் கன்டோர், அதிகம் அறியப்படாத பொருளியல் பேராசிரியர் டேவ் பிரட்டிடம் தோற்றார். தொகுதியின் மக்கள்தொகை 7 இலட்சத்துக்கும் அதிகம். அந்த உட்கட்சித் தேர்தலில் விழுந்த வாக்குகள் ஏறத்தாழ 65,000. பிரட்டிடம் இருந்த பணம் மிகக் குறைவு. ஆனால் தொகுப்பாளர் லோரா இங்கிரகம் அவருக்காக வானொலியிலும் மேடையிலும் பேசினார். கோடிக்கணக்கான மக்களுக்கு முன்னால் பலவீனமான ஒரு குரல், 65,000 பேர் தீர்மானிக்கும் இடத்தில் வலிமை பெற்றுவிடுகிறது. வேலை நாளொன்றில் அத்தேர்தலுக்கு வந்து வரிசையில் நிற்கும் அளவுக்கு ஆர்வமுள்ளவர்களே பெரும்பாலும் அந்த வானொலியையும் கேட்பவர்கள்.

இன்னுமொன்று. 2007 ஜூனில் குடிவரவுச் சீர்திருத்தச் சட்டமூலத்தை ஜனாதிபதி புஷ் ஆதரித்தார், இரு கட்சிகளின் முக்கிய செனட்டர்கள் சிலரும் ஆதரித்தார்கள். தொகுப்பாளர்கள் வாரக்கணக்கில் எதிர்த்துப் பேச, செனட் சபையின் தொலைபேசிகள் இடைவிடாது ஒலித்தன; விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குச் செல்லத் தேவையான 60 வாக்குகளுக்குப் பதிலாக 46 மட்டுமே கிடைத்தன. 2009 ஜனவரியில் பில் கிங்ரி என்ற பிரதிநிதியும், மார்ச்சில் கட்சியின் தேசியத் தலைவர் மைக்கல் ஸ்டீலும் லிம்போவைக் குறைகூறியபின் ஓரிரு நாட்களிலேயே வருத்தம் தெரிவித்தார்கள். கட்சித் தலைவர் ஒருவர் வானொலித் தொகுப்பாளரிடம் மன்னிப்புக் கேட்பதை ஊதிப் பெருப்பித்த கதை என்று கூற எனக்கு மனமில்லை.

கேள்வி (வத்தளை): நடுநிலைக் கோட்பாடு நீக்கப்பட்டதே காரணம் என்று வாசித்தேன். சரியா?

கொட்டாஞ்சேனை வாசகருக்குக் கூறிய பதிலைப் பாருங்கள்.

கேள்வி (தெமட்டகொட): அடுத்த அமெரிக்க ஜனாதிபதி யார்?

அதற்கு நான் பதிலளிப்பதில்லை.

கேள்வி (அதே சட்டத்தரணி, தெஹிவளை): உட்கட்சித் தேர்தல்தான் காரணம் என்றால், எங்கள் விருப்பு வாக்கும் அதே வேலையைச் செய்யுமே? ஒரே பட்டியலில் நிற்பவர்கள் தமக்குள் போட்டியிடுகிறார்கள். இலங்கையிலும் ஒரு லிம்போ வரத்தான் போகிறார்.

ஒற்றுமை இருக்கிறது. 1989 பெப்ரவரிப் பொதுத் தேர்தல் முதல் வாக்காளர் ஒரு கட்சிக்கும், அதன் பட்டியலில் மூன்று பேர் வரைக்கும் விருப்பைத் தெரிவிக்கிறார். சக வேட்பாளரே முதல் எதிரியாகிவிடுகிறார் என்பதும் உண்மை. ஆனால் மூன்று வேறுபாடுகளை நீங்கள் கவனிக்கவில்லை.

விருப்பு வாக்கு அளிக்கப்படுவது பொதுத் தேர்தல் நாளிலேயே, எல்லா வாக்காளராலும், ஒரு முழு மாவட்டத்தில். கொழும்பு மாவட்டத்தில் பதிவுபெற்ற வாக்காளர் 17 இலட்சத்துக்கும் அதிகம். தீவிர ஆர்வலர்களான சிறு குழு தனித்து முடிவெடுக்கும் வாசல் இங்கே இல்லை. அடுத்து, வேட்புமனுப் பட்டியலில் யார் பெயர் இடம்பெறும் என்பதைத் தீர்மானிப்பது கட்சி. மூன்றாவதுதான் மிக முக்கியமானது: அரசியலமைப்பின் 99(13) ஆம் உறுப்புரையின்படி, கட்சியிலிருந்து விலக்கப்படும் பாராளுமன்ற உறுப்பினர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடி அந்த விலக்கல் செல்லாது என்ற தீர்ப்பைப் பெறாவிட்டால் ஆசனத்தையே இழப்பார். அமெரிக்கப் பிரதிநிதிக்கு அத்தகைய அச்சம் கிடையாது. அவர் தலைமையை மீறலாம், தம் தொகுதியின் ஆர்வலர்களை மீற முடியாது. எங்கள் உறுப்பினரின் நிலை இதற்கு நேர்மாறானது. ஆகவே இங்கே ஒரு தொகுப்பாளர் தம் செல்வாக்கை உறுப்பினர்மீது செலுத்துவதைவிடக் கட்சித் தலைவர்மீது செலுத்துவதே பயன் தரும். அதைவிடவும் எளிது, மாவட்டம் முழுவதும் அறிந்த தம் குரலோடு தாமே பட்டியலில் இடம்பிடிப்பது. எனக்கு ஊடக நிறுவன உரிமையாளரின் அரசியலே அதிக கவலை தருகிறது. தொகுப்பாளரை ஒரே நாளில் மாற்றிவிடலாம். உரிமத்தை வைத்திருப்பவர் அப்படியே இருப்பார்.

கேள்வி (ஆசிரியை, பம்பலப்பிட்டி): இந்த விவாதத்தில் ஒன்றைக் கேட்கலாமா ஐயா? தொகுப்பாளர் நேயரை வழிநடத்துகிறாரா, நேயர் தொகுப்பாளரை இழுத்துச் செல்கிறாரா?

தாராளமாகக் கேட்கலாம்; சட்டத்தரணி ஐயாவும் இதனை வாசிக்க வேண்டும். 2016 இல் விஸ்கொன்சின் மாநிலத்தில் சார்லி சைக்ஸ் உட்பட மில்வோக்கிப் பகுதியின் வலதுசாரித் தொகுப்பாளர்கள் பலர் டொனால்ட் ட்ரம்பை எதிர்த்தார்கள். ஏப்ரலில் நடந்த உட்கட்சித் தேர்தலில் ட்ரம்பின் போட்டியாளர் டெட் குரூஸ் அங்கே தெளிவாக வென்றார். இதுவரை தொகுப்பாளரின் வெற்றி. ஆனால் ட்ரம்ப் கட்சியின் வேட்பாளரானபின், பல ஆண்டுகள் தம்மை நம்பிய நேயர்களே சைக்ஸை எதிர்த்து அழைப்பெடுக்கத் தொடங்கினார்கள். நவம்பரில் அந்த மாநிலத்தையே ட்ரம்ப் கைப்பற்றினார். ஆண்டு முடிவில் சைக்ஸ் நிகழ்ச்சியிலிருந்து விலகினார். நேயர் ஏற்கெனவே சாய்ந்திருக்கும் பக்கம் அவரை விரைவாக அழைத்துச் செல்லத் தொகுப்பாளரால் முடியும். எதிர்ப்பக்கம் திருப்ப முயன்றால் விளம்பரதாரரும் நிலையமும் அவரைக் காப்பதில்லை. பல ஆண்டுகள் கோபத்தை வளர்த்த ஒருவர், பின்னர் அந்தக் கோபத்துக்கு எதிராகப் பேசும் உரிமையைத் தாமே இழந்துவிடுகிறார் என்பதுதான் இந்தத் தொழிலில் என்னை மிகவும் வருத்துவது.

கேள்வி (கிருலப்பனை): இடதுசாரிகளுக்கு இப்படியொரு வானொலி ஏன் இல்லை?

முயன்றார்கள். 2004 இல் தொடங்கிய எயார் அமெரிக்கா 2010 இல் மூடப்பட்டது. அந்தப் பக்கத்து நேயர்கள் நகரங்களில் பொது வானொலி, இசை, பிறமொழி ஒலிபரப்பு என்று பிரிந்திருந்தார்கள்.

கேள்வி (பெயர் குறிப்பிடாதவர்): ருவாண்டாவில் 1994 இல் வானொலி செய்ததும் இதுதானே?

அன்று. அங்கே ஆட்களைப் பெயர் சொல்லிக் கொல்லத் தூண்டினார்கள். ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் அதைக் குற்றமாகத் தீர்த்தது. உட்கட்சிப் போட்டி பற்றிய ஆய்வில் அதனைக் கலப்பது, இரண்டையும் விளங்கிக்கொள்ள விடாமல் செய்துவிடும். இனவன்முறையை நேரில் கண்ட நாங்கள் இந்த வேறுபாட்டில் கவனமாக இருக்க வேண்டும்.

கேள்வி (நுகேகொடை): நடுநிலைக் கோட்பாட்டை இலங்கையில் கொண்டுவந்தால் என்ன?

இந்தக் கோட்பாடு பற்றி மூன்றாவது முறையாகக் கேட்கப்படுகிறது. இந்த வடிவத்தில் வந்ததால் மட்டுமே பதிலளிக்கிறேன். விதியைவிட அதனைச் செயற்படுத்துபவர் யார் என்பதே முக்கியம். 1997 இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் கொண்டுவரப்பட்டபோது, அந்த அதிகாரசபை அரசாங்கத்திலிருந்து சுயாதீனமானதாக இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி, அது அரசியலமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அந்தக் குறை தீராமல் நடுநிலை என்ற பெயரில் எந்த அதிகாரம் வந்தாலும், முதலில் மௌனமாக்கப்படுவது எதிர்க்கட்சியின் குரலும் சிறுபான்மை மொழியின் குரலுமே.

கேள்வி (வெள்ளவத்தை மாணவி மீண்டும்): ஆய்வுக்கட்டுரையில் எதை அளவிடுவது, ஐயா?

நேயர் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். நிலையத்துக்கு வரும் அழைப்புகளைப் பொதுமக்கள் கருத்தாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த அழைப்பை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் ஒருவர் கலையகத்துக்கு வெளியே இருக்கிறார். ஒரு விடயத்தைத் தெரிந்தெடுத்து, தொகுப்பாளர் அதைப் பேசத் தொடங்கும் முன்னும் பின்னும் உறுப்பினர்கள் விட்ட அறிக்கைகளையும் அளித்த வாக்குகளையும் திகதி வரிசையில் ஒப்பிடுங்கள். இங்குள்ள நிலையை ஆராய்வதாயின், காலையில் பத்திரிகைச் செய்திகளை வாசித்துக் கருத்துரைக்கும் நிகழ்ச்சிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் பதிவு செய்து, ஒரே செய்தி இரு மொழிகளிலும் எப்படிப் பேசப்படுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேட்புமனுத் தாக்கலுக்கு முன்னைய வாரங்களிலிருந்தே பதிவைத் தொடங்குங்கள்.