பதில்: 14ஆம் இடத்தில் இருந்த அணி ஏன் விடுபட்டது?

வணக்கம். தரவரிசையில் 14ஆம் இடம் பெற்றும் தங்கள் மகன் படிக்கும் கல்லூரியின் ஐஸ் ஹாக்கி அணி 16 அணிகள் ஆடும் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) போட்டிக்குத் தேர்வாகவில்லை, 20க்கும் கீழே இருந்த அணி எப்படி நுழைந்தது என்று கேட்டிருந்தீர்கள். தங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் விதி மீறப்படவில்லை.

ஆண்கள் முதல் பிரிவில் ஆறு கூட்டமைப்புகள், அதாவது தமக்குள் ஆடும் கல்லூரி அணிகளின் குழுக்கள், உள்ளன. ஒவ்வொன்றின் சாம்பியனுக்கும், தரவரிசையில் எங்கிருந்தாலும், நேரடி இடம் உண்டு. மீதமுள்ள 10 இடங்களே தரவரிசைப்படி நிரப்பப்படுகின்றன. ஆகவே, முதல் 16க்கு வெளியே இருக்கும் மூன்று அணிகள் தத்தம் கூட்டமைப்புக் கோப்பையை வென்றுவிட்டால், 14, 15, 16ஆம் இடங்களில் உள்ளவை வெளியேற வேண்டியதுதான். கடைசி சனிக்கிழமை இரவு எங்கோ ஓர் அரங்கில் கூடுதல் நேரத்தில் விழும் ஒரு கோல், அன்று ஆடாத அணியின் பருவத்தையே முடித்துவிடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது உண்மையிலேயே கொடுமை.

1948இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரின் பிராட்மூர் பனி அரங்கில் இப்போட்டி தொடங்கியபோது நான்கே அணிகள். இறுதியாட்டத்தில் மிச்சிகன் 8-4 என டார்ட்மவுத்தை வென்றது. 1988இல் 12 அணிகளாகவும் 2003இல் 16 அணிகளாகவும் அது விரிந்தது. சிறிய கூட்டமைப்புகளுக்கும் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதால் நேரடி இடங்களை நான் ஆதரிக்கிறேன்.

அடுத்த பருவத்தில் அக்டோபர் ஆட்டங்களையும் கவனியுங்கள். தரவரிசைக் கணக்கில் அவையும் சேரும்.